பழுது பார்த்த வண்டியில் பாட்டரி, கியர் கோளாறுகள்

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் வட்டாரங்களில் கீரையும் கத்தரியும் பயிரிடும் உழவர்களில் சிலர் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கின்றனர். வண்டி பழுதானால் புளியந்தோப்பு, இராயபுரம் பக்கத்துப் பட்டறைகளுக்குக் கொண்டு செல்வர். 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய காலந்தொட்டு வடசென்னை மோட்டார் தொழிலுக்குப் பேர்போன இடம். பயிர் நூல் சொல்பவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கோயம்பேடு போகும் வண்டி இரவில் நடுவழியில் நின்றால், பறித்த கீரை விடிவதற்குள் வாடிவிடும். அதுவும் அறுவடைக்குப் பின் நேரும் இழப்புதான்.

கிளட்ச் தட்டு மாற்றிய மறுவாரமே பாட்டரி இறங்கிவிடுகிறது என்று ஓர் உழவர் சொன்னார். புதுப் பாட்டரி வாங்கும்படி பட்டறையில் சொன்னார்களாம். கிளட்சுக்கும் பாட்டரிக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. எஞ்சினும் கியர் பெட்டியும் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்துள்ளன. ரப்பர் வழியே மின்சாரம் பாயாது. ஆகவே எஞ்சினையும் வண்டிச் சட்டத்தையும் ஒரு எர்த் பட்டை இணைக்கிறது. கியர் பெட்டியை இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்ட மறந்தாலோ, துருவின் மேலேயே முடுக்கினாலோ செல்ப் மோட்டார் மந்தமாகச் சுற்றும், பாட்டரியும் சரிவர ஏறாது. கிளட்ச் கேபிள் வழியே மின்சாரம் பாய்ந்து அது சூடேறுவதும் உண்டு.

இதைச் சோதிக்க ஒரு மீட்டர் போதும். அதன் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்புப் பகுதியிலும் வையுங்கள். ஒருவர் செல்ப் போடட்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மேற்சொன்ன உழவரின் வண்டியிலும் பட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எர்த் சரியாக இருந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் முதலில் பெல்ட்டையும் பாட்டரி முனைகளையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுள்ளது. பாட்டரி நீர் கொதித்து வற்றும். சாவியைத் திருப்பியதும் பாட்டரி விளக்கு எரிகிறதா என்பதையும் கவனியுங்கள். அந்த பல்பு எரியாவிட்டால் பல ஆல்டர்னேட்டர்கள் மின்சாரம் தரத் தொடங்கவே மாட்டா. எஞ்சின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் டயோடுகள் கருகிவிடும்.

இனி கியருக்கு வருவோம். எஞ்சின் நின்றிருக்கையில் எளிதாக விழும் கியர், ஓடும்போது கரகரத்து விழ மறுக்கிறதா? கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும். எஞ்சின் நின்றபோதும் விழவில்லையென்றால் கியர் கம்பி இணைப்புகளைப் பார்க்க வேண்டும். பெடலை மிதித்தால் மட்டும் இரைச்சல் வருவது கிளட்ச் பேரிங்கின் குறி. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கையில் இரைந்து, மிதித்ததும் நிற்குமானால் கியர் பெட்டிக்குள்ளிருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கியர் எண்ணெய் ஊற்றும் துளையின் விளிம்பு வரை இருக்கிறதா என்பதை வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். கையேட்டில் குறித்த ரகமே நல்லது.

எஞ்சின் இரைந்தும் பாரவண்டி இழுக்கவில்லையென்றால் தட்டு வழுக்குகிறது. பெடலில் சிறிதும் தளர்வு இல்லாமல் கேபிளை இறுக்கியிருந்தாலும் இப்படி ஆகும். கழற்றிய பழைய தட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எண்ணெய் படிந்திருந்தால் ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் போட்ட புதுத் தட்டும் சில வாரங்களில் வழுக்கத் தொடங்கும்.