கிறித்தவ மன்றாட்டில் தாழ்மையும் தன்மறுப்பும்

தமிழிலக்கிய மரபில் பணிவுக்குத் தனியிடம் உண்டு. வள்ளுவப் பெருந்தகை அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். காப்பியப் புலவர்களோ நூல் தொடங்குமுன் அவையடக்கம் கூறினர். கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தம் பாடலைச் சூறாவளியின் எதிரே சிற்றெறும்பு விட்ட மூச்சுக்கு ஒப்பிட்டார். இவை கற்றோர் அவையை நோக்கிய பணிவு. கேட்போர் எவரும் இல்லாத இடத்தில் பணிவு என்னாகும்? இவ்வினாவுக்குக் கிறித்தவ மன்றாட்டு தரும் விடையை ஈண்டுக் காண்போம்.

அடைத்த கதவு

இயேசு பெருமான் தம் மாணாக்கர்க்கு மன்றாடக் கற்பித்தபோது, தெருமுனையில் நின்று பிறர் காண வேண்டுவதை விலக்கி, உள்ளறை புகுந்து கதவடைத்து வேண்டுமாறு பணித்தார் என மத்தேயு நற்செய்தி கூறும். நம் இல்லங்களில் முகஸ்துதி என்று அஞ்சப்படும் குற்றமே ஆங்கும் விலக்கப்படுகிறது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இருவர் ஆலயத்துள் வேண்டிய உவமை வருகிறது. ஒருவன் சமய ஒழுக்கத்தில் தேர்ந்த பரிசேயன். மற்றவன் மக்கள் வெறுத்த வரி தண்டுவோன். பரிசேயன் பொய் கூறினான் அல்லன். வாரத்தில் இருமுறை நோன்பு நோற்றதும், வருவாயில் பத்தில் ஒரு பங்கு ஈந்ததும் மெய்யே. எனினும் அருகில் நின்றவனை அளவுகோலாக வைத்துத் தன்னை அளந்தான். அக்கணமே அவனது நன்றியுரை தற்புகழ்ச்சியாயிற்று. மற்றவனோ எவரோடும் தன்னை ஒப்பிடவில்லை. நிமிர்ந்து நோக்கவும் துணியாமல் இரக்கம் மட்டுமே வேண்டினான். அவனே இறைவனுக்கு ஏற்றவனாக வீடு திரும்பினான் என உவமை முடிகிறது. ஒப்பீடு ஒழிந்த இடத்தில் தாழ்மை பிறக்கிறது என்பதே இதன் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

தன்மறுப்பு

தன்மறுப்பு என்பது விருப்பமே இல்லாதிருத்தல் அன்று. பாடுகளுக்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு வேண்டியதாக நற்செய்தி நூல்கள் காட்டும் மன்றாட்டு இதற்குச் சான்று. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்ற விருப்பம் முதலில் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. பின்னரே அவ்விருப்பம் இறைவன் திருவுளத்துக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது. உள்ளதை மறைப்பது பணிவாகாது; உள்ளதைச் சொல்லி, அதன் பிடியை விடுவதே பணிவு. அவர் கற்பித்த மன்றாட்டிலும் 'நான்' என்னும் சொல் இல்லை; 'எங்கள்' என்பதே உண்டு. உணவும் அன்றைக்குரியதே வேண்டப்படுகிறது.

பேசாத காப்பியத் தலைவர்

மணலூர்பேட்டையிலிருந்து தெற்கே செல்வார்க்கு விருத்தாசலத்தை அடுத்துக் கோணான்குப்பம் தென்படும். அங்குள்ள பெரியநாயகி அன்னை ஆலயம் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் போற்றப்படுவது. இத்தாலியில் 1680இல் பிறந்த அம்முனிவர் தமிழ் கற்று 1726இல் இயற்றிய தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் மன்னர் அல்லர்; வளன் எனத் தமிழ்ப்பெயர் பெற்ற சூசை என்னும் தச்சர். நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவில் கட்டளை வருகிறது, அவர் எழுகிறார், செய்கிறார். சொல்லற்ற கீழ்ப்படிதலே அவரது மன்றாட்டு. அத்தகையவரைத் தலைவராக்கியதிலேயே முனிவரின் நோக்கம் விளங்கும்.

இறங்கி வருதல்

தாழ்மையை எவர் மேற்கொள்ள வேண்டும்? ஏழைக்கும் எளியவர்க்கும் மட்டும் அதனைப் போதித்தால் அது அறமாகாது, அடக்குமுறையாகும். தைத் திங்கள் 5ஆம் நாள் அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக்கு எழுந்தருளும் தீர்த்தவாரியை நம் வட்டார மக்கள் அறிவர். உயர்ந்தோர் எளியோரிடம் வரவேண்டும் என்னும் எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆசானே மாணாக்கரின் பாதங்களைக் கழுவுகிறார். பெரிய வியாழனன்று கத்தோலிக்க ஆலயங்களில் இச்சடங்கு நிகழ்கிறது. 2016இல், மறைந்த போப்பாண்டவர் பிரான்சிசு உரோமை நகர் அருகே ஏதிலியர் சிலரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் முஸ்லிம்களும் ஓர் இந்துவும் இருந்தனர்.

மாணவச் செல்வங்களே, தேர்வில் முதலிடம் பெற்றவர் பின்தங்கியவருக்கு அருகே அமர்ந்து பாடம் சொல்லித்தருவதும் இறங்கி வருதலே. ஆசிரியராகிய நமக்கு இக்கடமை இன்னும் மிகுதி. கடைசி வரிசையில் இருப்பவனின் ஐயத்தைக் குனிந்து கேளாத கல்வி, அவையில் எத்துணை அடக்கம் பேசினும் பயனின்று. ஸஜ்தாவில் நெற்றி நிலம் தொடுவதும், முழந்தாளிட்டு மன்றாடுவதும், எழுந்தபின் நாம் பிறரை நடத்தும் முறையாலேயே மெய்ப்பிக்கப்பெறும்.