பாலைவனத்தில் வியர்க்குமா?

ராஜஸ்தானில், ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் சாம் மணற்குன்றுகள் உள்ளன. அங்கே ஒட்டகச் சவாரி செல்ல விரும்புகிறீர்களா? நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

நண்பகல் வெயிலிலும் உங்கள் சட்டை நனையாது. அதனால் வியர்க்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்! உலர்ந்த காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது. உடல் குளிர்கிறது, ஆனால் உடலிலுள்ள நீர் குறைகிறது. அதை ஈடு செய்யாவிட்டால் தலைசுற்றலும் மயக்கமும் வரும். ஆகவே, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் பருகுங்கள்.

கம்பளியும் தேவை. மேகமும் ஈரமும் இல்லாத வானத்தின் வழியே மணலின் வெப்பம் இரவில் விரைந்து வெளியேறிவிடும்.

கடற்கரை ஊர்களில் மட்டும் சட்டை நனைவது ஏன்? சிந்தியுங்கள்.