தேசிப்பூ மணமும் அமைதியான ஆளும்

கேள்வி: அக்கா, நான் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கனடாவில் இருந்து வந்த மச்சாள் ஒரு சென்ற் போத்தல் தந்தா. தேசிக்காய், தோடம்பூ, மல்லிகை எல்லாம் கலந்த மணம். எனக்கு நல்லாகப் பிடித்துவிட்டது. ஆனால் பெட்டியிலே, குறும்பும் கலகலப்பும் உள்ள பெண்களுக்கானது என்று போட்டிருக்கிறது. நான் அதிகம் கதைக்காத ஆள். அம்மாவோ மணந்து பார்த்துவிட்டு, “இதென்ன, வீட்டில ஆருக்கும் காய்ச்சலோ?” என்று கேட்கிறா. அதோடு, காலையில் பூசினால் முதல் பாடம் முடிய முன்னமே தேசி மணம் போய்விடுகிறது. இது எனக்குப் பொருந்துமா?
— ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, அம்மாவின் மூக்கில் ஒரு குறையும் இல்லை. அவ பிடித்தது ஓடிக்கொலோனை. காய்ச்சல்காரரின் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த லேஞ்சி போட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தத் தண்ணிக்குள் இருப்பவை பேர்கமொட் என்ற இத்தாலியப் புளிப்புப் பழத்தின் தோல் எண்ணெய், எலுமிச்சை, தோடை, கசப்புத் தோடம்பூவில் வடித்த எண்ணெய், கொஞ்சம் ரோஸ்மேரி, மிச்சம் மதுசாரம். உங்கள் போத்தலின் முன்பாதியும் கிட்டத்தட்ட அதே சரக்குத்தான்.

இதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. ஜேர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய ஜொஹான் மரியா ஃபரீனா என்ற இத்தாலியரின் குடும்பம் 1709இல் அங்கே கடை தொடங்கியது. முந்திய ஆண்டில் அவர் தன் சகோதரனுக்கு எழுதிய கடிதத்தில், தான் கண்டுபிடித்த மணம் மழைக்குப் பிந்திய இத்தாலிய இளவேனில் காலையை நினைவூட்டுவதாகச் சொல்கிறார். ஆனால் சனங்கள் அதை வாங்கிப் பூசினதோடு நிற்கவில்லை. வைனில் கலந்து குடித்தார்கள், வயிற்றுவலிக்கும் தலையிடிக்கும் மருந்தென்று நம்பினார்கள். 1810இல் நெப்போலியன், மருந்து விற்பவர்கள் கலவை விபரத்தை வெளியிட வேண்டும் என்று ஆணை போட்டார். இரகசியத்தை விட மனமில்லாத கொலோன் வியாபாரிகள், இது மருந்தே அல்ல, வெறும் வாசனைத் தண்ணி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். நெப்போலியனின் ஆணை யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரவில்லைப் போலும். எங்கள் வீடுகளில் அது மருந்தலுமாரியிலேயே இருந்துவிட்டது.

ஆக, ஒரு மணம் கலகலப்பா காய்ச்சலா என்பதை அதை முதலில் எங்கே மணந்தோம் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. விண்டர்கிறீன் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள்; நோவுக்குத் தேய்க்கும் எண்ணெய்களில் மூக்கைத் துளைக்குமே, அந்த மணம். 1960களின் நடுவில் பிரித்தானியாவில் செய்த ஆய்வொன்றில் சனங்களுக்கு அது பிடிக்கவே இல்லை. 1978இல் அமெரிக்காவில் செய்த ஆய்விலோ மிகவும் பிடித்தவற்றுள் அது ஒன்று. பிரித்தானியர் அதை நோவெண்ணெயில் அறிந்தவர்கள், அமெரிக்கர் இனிப்பில் அறிந்தவர்கள். திரவம் ஒன்றே.

இனிப் பெட்டியில் எழுதியதைப் பார்ப்போம். அதை எழுதினவர் உங்களைக் கண்டதில்லை. 1966இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா என்ற பிரெஞ்சு வாசனை நிபுணர் டியோர் நிறுவனத்துக்காக ஓ சவாஜ் என்ற வாசனையைச் செய்தார். எலுமிச்சைக்குக் கீழே மல்லிகையின் காற்றோட்டமான சாயல். அந்தச் சாயலைத் தந்தது ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள். அதை ஆண்களுக்கென்று விற்றார்கள். 1972இல் அதே நிறுவனத்துக்கு அதே மனிதர் செய்த டியோரெல்லாவும் எலுமிச்சையும் மல்லிகையும் கொண்டதுதான். அது பெண்களுக்குப் போனது. 1994இல் கல்வின் கிளைன் அதே குடும்பத்து மணம் ஒன்றை, சீகே வன் என்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவே விற்றது. மிடுக்கான ஆண், நாகரிகமான பெண், கவலையற்ற இளவட்டம் என்று ஆளை மாற்றி மாற்றி எழுதினாலும் உள்ளே தேசியும் பூவும்தான். அட்டை வாசகத்தை நான் சாதகக் குறிப்பளவுக்குக்கூட மதிப்பதில்லை.

ஆனால் மணத்துக்கென்று ஒரு குணம் இருக்கிறது. அது காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில் தெரியும். தேசித் தோலிலே அதிகம் இருப்பது லிமொனீன். சின்ன மூலக்கூறு, விரைவில் ஆவியாகும். எங்கள் சித்திரை வெயிலிலே இன்னும் விரைவு. அதனால்தான் அது முதல் பாடத்தைத் தாண்டுவதில்லை. கால் மணித்தியாலமோ அரை மணித்தியாலமோ நின்றுவிட்டுப் பூவுக்கு இடம் விடும். பூ சில மணித்தியாலம் தோலோடு ஒட்டிக் கிடக்கும். கிட்ட வந்தவருக்கு மட்டும் தெரியும். அகில், வனிலா, கனத்த கஸ்தூரி வகைகள் அப்படியல்ல. ஆள் போன பிறகும் ஆசிரியர் அறையில் அவை கதைத்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், தேசிப்பூ மணம் அதிகம் கதைக்காத ஆளுக்கு எழுதிவைத்த மாதிரி. சிரித்துக்கொண்டு வந்து, சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

பொருத்தத்தைத் தோலிலே பாருங்கள். 2012இல் செக் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவரின் உடல்மணத்தோடும் அவர் தானே தெரிந்தெடுத்த வாசனை கலந்தபோதும், வேறொருவர் குறித்துக்கொடுத்த வாசனை கலந்தபோதும் எது இனிமை என்று மற்றவர்களைக் கேட்டார்கள். தனியே மணந்தால் இரு வாசனைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உடலோடு கலந்தபோது தானே எடுத்தது முந்தியது. ஆளின் விருப்பம் கண்மூடித்தனமானதல்ல என்றாகிறது. உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று எழுதினீர்களே, அதற்கு நான் பெட்டி வாசகத்தைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறேன். ஆனாலும் ஒரு சனிக்கிழமை கையில் பூசிக்கொண்டு மத்தியானம் வரை வீட்டு வேலை செய்யுங்கள். வேர்வையோடு சேர்ந்த பிறகும் பிடித்திருந்தால் அது உங்களுடையது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தேசிக்காய்ப் புளி பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கறுத்துக் கொப்பளிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேர்கமொட் எண்ணெயிலுள்ள பேர்கப்டீனும் இதே வேலையைச் செய்யும். கழுத்தில் வழிந்த தடம் அப்படியே கபில நிறத்தில் படிந்துவிடும். நல்ல நிறுவனங்கள் இப்போது அதை நீக்கிய எண்ணெயையே பாவிக்கின்றன. என்றாலும் ஸ்கூட்டரில் போகிறவர் கழுத்திலும் முழங்கைக்குக் கீழும் அடிக்காமல், சட்டைக்குள் மறையும் இடத்தில் அடிப்பது புத்தி. பருத்தித் துணியில் அடித்தால் தோலைவிடக் கூடநேரம் நிற்கும். வெள்ளைச் சேலையில் மட்டும் வேண்டாம், கறை விழலாம். தேசி மணமே வேண்டுமென்றால் சின்னத் தெளிப்பான் ஒன்றில் கொஞ்சம் ஊற்றிப் பைக்குள் வையுங்கள், இடைவேளைக்கு ஒரு தரம் போதும். வகுப்பில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் பாடசாலை நாட்களில் அதையும் விடுங்கள்.

போத்தலைத் தகரக் கூரைக்குக் கீழுள்ள அலுமாரியிலோ கண்ணாடி மேசையிலோ வைக்க வேண்டாம். சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றுப் பட்டு லிமொனீன் மாறிவிடும். அப்படி மாறினது சிலருக்குத் தோலில் கடியைக் கொண்டுவரும். வீட்டின் குளிர்ச்சியான மூலையில், அதன் பெட்டிக்குள்ளேயே, மூடியை இறுக்கி வையுங்கள். நல்லநாள் பெருநாளுக்கென்று பூட்டி வைக்கும் பழக்கம் இந்த வகைக்குச் சரிவராது. ஓரிரு வருடத்துக்குள் பூசி முடித்துவிடுங்கள்.