பள்ளிச் சுற்றுலாவுக்கு மதிய உணவு: ஆர்டர் எடுக்கும் முன்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை கழிந்து பள்ளிகள் திறந்ததும், நம் ஊர்ப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகும் பருவம் வந்துவிடும். அந்த நாளைக்கு மதிய உணவுப் பொட்டலம் கட்டித் தரும்படி மளிகைக் கடைக்காரர்களையும் கேட்கிறார்கள். அரிசி, புளி, எண்ணெய் எல்லாம் நம் கடைச் சரக்கு. சமையற்காரர் ஒருவரைப் பிடித்தால் போதும் என்று நாமும் உடனே தலையாட்டிவிடுகிறோம். இதில் லாபம் உண்டு. ஆனால் சாப்பிடப் போவது இருநூறு குழந்தைகள் என்பதை முதலில் நினைக்க வேண்டும்.

எங்களுக்கு நேர்ந்ததையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு 180 சாம்பார் சாதப் பொட்டலம் ஒப்புக்கொண்டோம். பஸ் ஆறரைக்குக் கிளம்பும் என்று இரவு இரண்டு மணிக்கே சமைத்து, சூட்டோடு கட்டி, அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்கினோம். பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரித்தபோது மணி ஒன்றரை. சாதம் கொழகொழத்து வாடை அடித்தது. ஆசிரியர்கள் நல்லவேளையாக யாரையும் சாப்பிட விடாமல், பக்கத்துக் கடைகளில் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். பணம் போனது பெரிதல்ல; அந்தப் பள்ளி வாசலில் தலைநிமிர்ந்து நடக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

தவறு எங்கே என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டோம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, கொதிக்கிற உலையிலும் சாவதில்லை. அண்டாவில் குவித்த சாதமும், நெருக்கி அடுக்கிய பொட்டலமும் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் வித்து முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். பிறகு சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போவதில்லை. ஆகவே, சமைத்த சாதம் நல்ல சூட்டிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் ஆறிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் ஆபத்து.

நம் முன்னோர் கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. புளிப்பு அந்தக் கிருமியை வளரவிடாது. "குழந்தைகளுக்குப் புளி குறைச்சலா போடுங்க" என்று பள்ளியில் சொல்வார்கள். அதற்கு இணங்கக் கூடாது. புளி குறைந்தால் காவலும் குறைந்தது. காரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். புளிக்காய்ச்சலை முதல் நாளே வைத்துக்கொண்டு, சாதத்தை விடியற்காலை நான்கரைக்கு மேல் வடித்து, அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி முழுவதும் அடங்கிய பிறகே கிளற வேண்டும்.

துணைக்கு வரதராஜப் பெருமாள் கோயில் புகழ் குடலை இட்லி ஒரு துண்டு வைக்கலாம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைக்கும் அந்த இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு இருக்கிறது; தொட்டுக்கொள்ள எண்ணெயில் குழைத்த பொடி போதும். தேங்காய்ச் சட்னி கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

இனி அளவு. சத்துணவுத் திட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த கணக்கில், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். இட்லியும் இருப்பதால் பெரிய பிள்ளைகளுக்கு 125 கிராம் போதும் என்பது எங்கள் அனுபவம். 200 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள், நான்கு பஸ்ஸின் ஓட்டுநர், உதவியாளர் 8 பேர், உபரி 10 ஆக 228 பொட்டலம்; அரிசி இருபத்தெட்டரை கிலோ. கிலோவுக்கு 100 கிராம் வீதம் புளி மூன்று கிலோ, நல்லெண்ணெய் நாலரை லிட்டர் எடுத்து வைக்கலாம். ஓட்டுநர்களை மறந்துவிட்டுப் பிள்ளைகள் பங்கில் கைவைக்கிற வழக்கம் வேண்டாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்டு என்றால் மொத்தத்துக்குமே கடலையை விட்டுவிடுவது நல்லது, பொட்டலம் மாறிப்போகும்.

கட்டுவதற்கு வாழை இலை, மந்தாரைத் தையல் இலை. மேலே செய்தித்தாள் சுற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அச்சு மை உணவில் இறங்குவதால் செய்தித்தாளில் உணவு கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே எச்சரித்தது. பிளாஸ்டிக் தாளும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 1-1-2019 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆகவே கேன் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் அனுப்புங்கள். மளிகைச் சில்லறை விற்பனைக்கு மட்டும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வைத்திருப்பவர்கள், சமைத்து வழங்கும் தொழிலையும் அதில் சேர்த்துக்கொண்டுதான் ஆர்டரில் கைவைக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். 1851ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் பல கட்டடங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் முன்னால் நின்றால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். பன்னிரண்டரை என்று சொன்ன சாப்பாடு ஒன்றரைக்குப் போகும். இங்கிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர், காலை நெரிசல் வேறு. காட்சிக்கூடத்துக்குள் சாப்பாடு கொண்டுபோக முடியாது என்பதால், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்குப் பள்ளி முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கு ஆர்டர் வந்தால், அரிசி ஊறப்போடும் முன் ஒரு போன் செய்து ஞாபகப்படுத்துங்கள்.

பாதித் தொகை முன்பணம். கடைசி எண்ணிக்கை இரண்டு நாள் முன்னதாக, தலைமையாசிரியர் கையெழுத்தோடு. வராத பிள்ளைகளுக்காகப் பணம் திருப்புவதில்லை என்பதையும் அதே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.