நனையாத படங்கள்

எங்கள் குடும்ப ஆல்பத்தில் குற்றாலத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பக்கங்களைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு விசித்திரம் தென்படும்: அருவிக்குப் பிரசித்தி பெற்ற அந்த ஊரில் எடுத்த படங்களில் ஒருவர் தலையாவது ஈரமாக இல்லை. காரணம் சாமானியமானதுதான். என் தகப்பனார் சிநேகிதர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்த ‘ஆக்ஃபா கிளிக் 3’ காமிராவின் மேல் சாரல் பட்டுவிடக் கூடாதென்ற அச்சத்தால் அது அருவிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான் என்ற கட்டுப்பாடும் கூடச் சேர்ந்துகொண்டதால், நாங்கள் குளித்து முடித்து, தலை துவட்டி, வகிடெடுத்து, மாற்றுடை உடுத்து, உயரவாரியாக நின்று, சிரிக்காதே என்ற உத்தரவையும் பெற்றுக்கொண்ட பிறகே அது தோலுறையை விட்டு வெளியே வரும். ஆகவே, குற்றாலம் எங்களுக்கு எதைக் கொடுத்ததோ அதில் ஒரு துளிகூட அந்தப் பக்கங்களில் ஒட்டவில்லை. ஆயினும் எங்கள் உடன்பிறந்தாரில் எவரைக் கேட்டாலும், ஆல்பத்தின் துணையில்லாமலே, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் குற்றாலத்தைப் பற்றிப் பேசுவார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படும் இக்காலத்துப் பெற்றோருக்கு, இந்த முரண்பாட்டிலிருந்து நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் உபயோகப்படலாம் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் கோடை விடுமுறை வெயிலுக்கென்றே ஏற்பட்டது. அருவி அதற்கு இணங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையைத் தொட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து சேர்க்கும் ஜூன் மாதத்தில்தான் ‘சீசன்’ ஆரம்பமாகும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் போகிறவர்கள் பெரும்பாலும் பாறையைத் தரிசித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பள்ளிக்கூடமோ ஜூனில் திறந்துவிடும். அப்பா தம்முடைய ஆபீஸ் லீவு விண்ணப்பத்தையும் எங்கள் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர்களையும் ஒரே இரவில், ஒரே பேனாவால் எழுதுவார். எங்கள் கடிதங்களில் ‘குடும்ப வைபவத்தை முன்னிட்டு’ என்ற வாசகம் தவறாமல் இடம்பெறும். அது மெய்யா பொய்யா என்று எனக்கும் அக்காளுக்கும் விவாதம் நடந்ததுண்டு; குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் ஏறுவதைக் காட்டிலும் பெரிய வைபவம் வேறெது என்பது அக்காளின் கட்சி. எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வேளையில் நாங்கள் மட்டும் ஊரை விட்டு நழுவுகிறோம் என்ற அந்தச் சிறு குற்ற உணர்ச்சி, அந்தப் பிரயாணங்களுக்கு ஒரு தனி ருசியைக் கொடுத்ததென்று இன்றும் நம்புகிறேன்.

பிரயாணத்தில் அப்பா ஒவ்வொருவருக்கும் ஓர் உத்தியோகம் கொடுத்துவிடுவார். சாமான்களை எண்ணிக் கணக்குச் சொல்வது அக்காளின் பொறுப்பு. ஹோல்டால், டிரங்குப் பெட்டி, பிரப்பங்கூடை, எண்ணெய்த் தூக்கு என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவள் விரல் மடக்குவாள். என் பொறுப்பு காபிக் கூஜா. “கூஜா வந்து சேர்ந்தால்தான் நாம் வந்து சேர்ந்ததாக அர்த்தம்” என்று அப்பா என்னிடம் மிகவும் கம்பீரமாகச் சொல்லியிருந்தபடியால், அதை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கரி எஞ்சினின் தூசி கண்ணில் விழுந்தபோதும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். தென்காசி மார்க்கத்து ஸ்டேஷன்களை நான் பலகையைப் பார்த்துப் படிக்கவில்லை; கூஜாவின் சூட்டைக் கொண்டே படித்தேன். சேரன்மாதேவி வரையில் பித்தளை தொடையைச் சுடும், வீரவநல்லூரில் தாங்கக்கூடியதாக இருக்கும், கல்லிடைக்குறிச்சியில் இதமாகிவிடும், அம்பாசமுத்திரத்தில் இடப்பக்கத்து ஜன்னல் முழுவதையும் மலை அடைத்துக்கொள்ளும்போது அம்மா கை நீட்டுவாள், நான் திருகுமூடியைத் திறந்து கொடுப்பேன். இன்று அகலப் பாதையில் ஓடும் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும், எந்த இடத்தில் காபி ஆறியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

பிரயாணத்தில் குழந்தைக்கு ஒரு சிரமமும் இருக்கக் கூடாதென்று எண்ணி, டிக்கெட் முதல் செருப்பு வரையில் எல்லாவற்றையும் தாங்களே சுமந்துகொண்டு, அதன் கையில் ஒரு செல்போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடும் பெற்றோரை ரயிலில் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூஜாதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு காரியத்தைப் பொறுப்பேற்றவனுக்கே வழி மனத்தில் பதிகிறது. தூக்கிச் செல்லப்படுகிறவனுக்கு, போன இடம் பதிந்தாலும் போன வழி பதிவதில்லை. குழந்தையிடம் கொடுக்கும் வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்புக்குக் கொடுத்த வேலையைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தென்காசியில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்துக் குற்றாலம் போய்ச் சேர்ந்தால், சீசனுக்கு வாடகைக்கு எடுத்த வீட்டில் ஆச்சி முந்தின நாளே வந்து அடுப்பு மூட்டியிருப்பாள். அருவிக்குப் போகுமுன் எல்லார் தலையிலும் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பது அவளுடைய அதிகாரம். (எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றோடு அருவியில் இறங்குவதை இப்போது நீதிமன்றம் தடை செய்திருக்கிறது; தண்ணீரின் க்ஷேமத்தை உத்தேசித்தால் அது நியாயமே என்பதை ஆச்சி உயிரோடிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாளா என்பது சந்தேகம்.) பேரருவி மலையுச்சியிலிருந்து நேராக நம் தலைமேல் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக் குழியில் விழுந்து, அங்கே சுழன்று பொங்கி, வேகம் தணிந்து, பின்புதான் அகன்று கீழிறங்குகிறது. அந்தக் குழி மட்டும் இல்லாவிடில் மனிதத் தலை எதுவும் அதன் கீழ் நிற்க முடியாது. இந்தப் பூகோளத்தை ஆச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாறையிடுக்கில் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே. “மூச்சைப் பிடிக்காதல! வாயைத் திறந்து கத்து, பயம் போயிரும்” என்றாள். கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அப்போது பக்கத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு, பாறைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு, என் தகப்பனார் ‘ஹோ’வென்று கூவிக்கொண்டிருந்தார்.

அவரை அறிந்தவர்களுக்கே இதன் அதிசயம் விளங்கும். வீட்டில் அவர் உரக்கப் பேசி நாங்கள் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதுவே எங்களுக்குப் பிரம்படிக்குச் சமானம். அப்படிப்பட்டவர் கண்ணாடியில்லாத முகத்தோடு, முன்னும் பின்னும் யாரென்று தெரியாத ஜனங்களோடு தோளுரசி நின்று, எண்ணெய் வழிய, சின்னப் பையனைப்போல் கூவினார். எந்தப் புகைப்படத்திலும் அந்த முகம் இல்லை. ஆல்பத்தில் இருப்பவர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்ட ஒரு குமாஸ்தா. விடுமுறையில் குழந்தைகள் உண்மையில் பார்ப்பது ஊரை அல்ல என்று நான் நினைக்கிறேன். தங்கள் தாய் தந்தையர் வேறு மனிதர்களாக மாறுவதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஆகையால், காமிராவைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கும் தகப்பன்மாரிடம் என் ஒரே விண்ணப்பம், அதை யாரிடமாவது கொடுத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்பதே.

இன்னொரு விஷயம் வாசனை. சீசன் காலத்தில் குற்றாலத்தில் துணி காயாது. சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டேயிருக்க, அம்மா கும்மட்டி அடுப்பில் கரி போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, எங்கள் சட்டைகளை அதன்மேல் விரித்து உலர்த்துவாள். நனைந்த பருத்தியும் கரிச்சூடும் கலந்த அந்த வாசனையை எங்கேயாவது, ஒரு மழைநாளில் ஓர் இஸ்திரிக் கடையருகே எதிர்கொண்டுவிட்டால், ஒரு கணம் எனக்கு வயது குறைந்துபோகிறது. இதற்குச் சரீர சாஸ்திரம் ஒரு காரணம் சொல்கிறது: பார்வை, கேள்வி முதலிய மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் மத்தியிலுள்ள தலாமஸ் என்னும் நிலையத்தைக் கடந்தே மேலே செல்ல, நாசியின் செய்தி மட்டும் அந்தச் சுற்றுவழியில்லாமல் உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளைச் சென்றடைகிறதாம். விடுமுறைக்குச் சென்ற இடத்திலும் வீட்டைப்போல் ஜன்னல்களையெல்லாம் அடைத்து, குளிர்சாதன அறையில் ஒரே மாதிரியான நறுமணத் திரவியத்தைத் தெளித்து வைத்திருக்கும் விடுதிகள் மிகவும் சௌகரியமானவைதான். ஆனால் அவற்றிலிருந்து மூக்கு எதையும் எடுத்துக்கொண்டு வருவதில்லை.

புகைப்படத்தின் மேல் எனக்குத் துவேஷம் ஒன்றுமில்லை. அதற்கு உரிய இடம் எது என்பதில்தான் எனக்கு அபிப்பிராயம் உண்டு. என் தம்பியின் கதை இதற்கு நல்ல சாட்சி. தென்காசி காசிவிசுவநாதர் கோயில் வாசலில் எடுத்த படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அக்காலத்தில் அந்த ராஜகோபுரம் சிதைந்து மொட்டையாக நின்றது. இப்போதுள்ள கோபுரம் கட்டப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது 1990-இல்தான். அந்த வாசலில் மலைக்காற்று ஆளைத் தள்ளும். படத்தில் அம்மாவின் முந்தானை பறப்பதே அதற்கு அத்தாட்சி. இந்தப் படம் எடுத்த அன்று தானும் இருந்ததாகவும், ஆச்சியின் இடுப்பில் உட்கார்ந்திருந்ததாகவும், காற்றுக்குப் பயந்து அழுததாகவும், ஆச்சி சற்று நகர்ந்து நின்றதாலேயே இருவரும் படத்தில் விழவில்லை என்றும் தம்பி சாதிப்பான். அந்த வருஷம் அவன் பிறக்கவேயில்லை! கிம்பர்லி வேட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2002-இல் பிரசுரித்த ஒரு பரிசோதனையைப் படித்தபோது தம்பியின்மேல் எனக்கிருந்த சந்தேகம் நீங்கிற்று. ஆகாச பலூனில் ஏறியே இராத 20 பேரிடம், அவர்களுடைய குழந்தைப் பருவப் படத்தைப் பலூன் படத்தோடு ஒட்டித் தயாரித்த போலிப் புகைப்படத்தைக் காட்டிப் பலமுறை விசாரித்ததில், பாதிப் பேர் தாங்கள் பறந்ததை முழுதாகவோ கொஞ்சமாகவோ ‘ஞாபகப்படுத்திக்கொண்டு’ சொன்னார்களாம். தம்பி பொய் சொல்லவில்லை. படமும், அதைச் சுற்றி வீட்டில் நடந்த பேச்சும் சேர்ந்து அவனுக்கு ஓர் ஆச்சி இடுப்பைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டன.

இன்னொரு பக்கமும் உண்டு. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மியூசியத்தில் சில பொருள்களைப் படம் பிடிக்கவும் சிலவற்றை வெறுமே பார்க்கவும் சிலரை ஏவிவிட்டு மறுநாள் சோதித்தபோது, படம் பிடித்தவற்றை அவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். காமிரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விலகி நின்றுவிடுகிறது போலும். ஆனால், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் பார்த்துப் படமெடுத்தபோது இந்த நஷ்டம் நேரவில்லையாம். ஆகையால், குடும்பத்தார் முழுப் பேரையும் அருவியின் முன் நிறுத்தி எடுப்பதை ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, ஈரப் பாறையில் பதிந்த பாதம், மங்குஸ்தான் தோலின் ஊதாக் கறை படிந்த விரல்கள், கொடியில் தொங்கும் வேட்டி என்று குழந்தையையே எடுக்கச் சொல்வது உசிதம். எடுத்த படத்தோடு இடம், தேதி, அன்று உடனிருந்தும் படத்தில் விழாதவர் யார் என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்றாவதை ஒருவரும் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்குக் குறைந்திருக்கும்.

வருஷந்தோறும் புதிய ஊருக்குப் போக வேண்டுமென்ற இக்காலத்து ஆசையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஊர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதைவிட ஓர் ஊருக்கே திரும்பத் திரும்பப் போவது குழந்தைக்கு நல்லதென்பது என் கட்சி. சென்ற வருஷம் எட்டாத சங்கிலி இந்த வருஷம் எட்டுகிறது என்பதை வேறெப்படி அது அறியும்? தமிழ் இலக்கிய ரசிகரான ரசிகமணி டி. கே. சி. கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே குடியேறிவிட்டார். அவ்வளவு தூரம் போகச் சக்தியில்லாதவர்கள் வருஷத்துக்கொரு தடவையாவது போகலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, திரும்பி வந்த பிறகு நடக்கும் பேச்சு. எங்கள் வீட்டில் குற்றாலத்துக்கு வராத பெரியத்தை ஒருத்தி இருந்தாள். ஊர் திரும்பிய மறுநாள் அவள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “என்னல நடந்துது?” என்று பொதுவாகக் கேட்பாள், பிறகு, “அப்புறம்?” “அவுஹ என்ன சொன்னாஹ?” “உனக்கு எப்படி இருந்துது?” என்று ஒவ்வொரு நூலாக இழுப்பாள். நாங்கள் ஒருவரையொருவர் மறுத்தும் திருத்தியும் கூவியும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு வேளைக் காபி ஆகிவிடும். ராபின் ஃபைவுஷ், எலெய்ன் ரீஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள், நடந்ததைப் பற்றி விரிவாகவும் விடை குறிக்காத கேள்விகளாகவும் குழந்தைகளோடு பேசும் தாய்மாரின் பிள்ளைகளே தங்கள் அனுபவங்களை நிறைவாக நினைவுகூர்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதியாத எங்கள் பெரியத்தை அதையே வெற்றிலை போட்டுக்கொண்டு நடத்தி வந்தாள். ‘அருவி பிடித்ததா?’ என்று கேட்டால் ‘பிடித்தது’ என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும். பரீட்சை வைப்பதுபோல், ‘பார்த்த அருவிகளின் பெயரைச் சொல்’ என்று கேட்பது அதைவிடக் கேடு.

போன சீசனில் மகனும் மருமகளும் என் பேத்தியை ஐந்தருவிக்கு அழைத்துப் போய் வந்தார்கள். வந்ததும் அவள் என்னிடம் சொன்னது அருவியைப் பற்றியே அல்ல. கடைத்தெருவில் ஓர் ஆடு யாரோ ஒருவர் கையிலிருந்த நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய வைபவம்தான். “இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போனா, ஆட்டைத்தான் சொல்லுதா, பாருங்க மாமா” என்று மருமகளுக்கு மனத்தாங்கல். அந்த ஆட்டுக்குக் கொம்பு இருந்ததா என்று கேட்டுப் பாரம்மா என்றேன். ஒரு கொம்புதான் இருந்ததாம். இன்னொரு கொம்பு என்னவாயிற்று என்பதைச் சொல்லத் தொடங்கியவள் ராத்திரிச் சாப்பாடு முடியும் வரையில் நிறுத்தவில்லை.