நீச்சல், சைக்கிள், ஓட்டம்... கரையில் நின்று எண்ணுகிறவர்!

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழி மாதக் காலையில் அந்த அம்மா என் வைத்தியசாலைக்கு வந்தார். மூட்டு வலிக்காகப் பல வருடமாக என்னிடம் வருகிறவர். அன்றைக்கு முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"டாக்டர், அமெரிக்காவுல இருக்கிற எம் பையன் ஏதோ சங்கத்துல சேர்ந்திருக்கானாம். கடல்ல நீந்தணுமாம். கரையேறி அந்த ஈரத்தோட சைக்கிள் மிதிக்கணுமாம். அதை முடிச்சுட்டு ஓடணுமாம். நாப்பத்தி நாலு வயசுல இது தேவையா? லீவுல வந்திருக்கான். நீங்க வேண்டாம்னு சொன்னா கேப்பான்" என்றார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அவங்க அப்பா நாப்பத்தி ஒம்போது வயசுல மாரடைப்புல போனார். உங்களுக்குத் தெரியுமே..."

'வேண்டாம்' என்று சொல்வது வைத்தியனுக்குச் சுலபம். ஆனால், உடம்பை அசைக்காதே என்று சொல்லி அனுப்பினால் அது அப்பா போன வழியிலேயே பிள்ளையையும் அனுப்பி வைப்பது போல ஆகிவிடாதா? அதனால், 'பையனை அழைத்து வாருங்கள்' என்றேன். அவர் வந்ததையும், பிறகு நடந்ததையும் சொல்கிறேன். அதற்கு முன்பு இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

அகராதியில் இல்லாத சொல்

இதன் பெயர் டிரையத்லான். மூன்று போட்டிகளை இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் செய்வது. இது இன்றைய வடிவில் பிறந்தது ஒலிம்பிக் மைதானத்தில் அல்ல. பெரிய கம்பெனிகளின் விளம்பரப் பணத்திலும் அல்ல. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சாதாரண ஓட்டச் சங்கத்தில்தான் பிறந்தது!

அந்தச் சங்கத்தில் ஜாக் ஜான்ஸ்டோன் என்று ஒருவர். நீச்சல் தெரிந்தவர். ஓடிவிட்டு நீந்தும் போட்டி ஒன்றை வைக்கலாமே என்று அவருக்கு ஆசை. டான் ஷனஹன் என்ற இன்னொரு உறுப்பினருக்கு, அதில் சைக்கிளையும் சேர்க்க வேண்டும் என்று ஆசை. ஜான்ஸ்டோனுக்கு சைக்கிளில் அவ்வளவு பிரியமில்லை. ஆனாலும் சரி என்றார். 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை, மிஷன் பே என்ற கடல் விரிகுடாவில் முதல் போட்டி நடந்தது. வந்தவர்கள் 46 பேர்.

பரிசுக் கோப்பையில் 'டிரையத்லான்' என்று பொறிக்கச் சொன்னபோது, அந்தச் சொல் அகராதியிலேயே இல்லையே, எப்படி எழுதுவது என்று கடைக்காரர் கேட்டாராம்! போட்டி முடிவதற்குள் இருட்டிவிட்டது. கடைசியில் நீந்தியவர்களுக்கு வழி தெரிவதற்காகக் கரையில் கார்களின் முன்விளக்கைப் போட்டு வெளிச்சம் காட்டினார்களாம்.

அந்தக் கார் விளக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருகிற விஷயமே அதில்தான் இருக்கிறது.

அந்த 46 பேரில் ஒருவர் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி. பிறகு அவரும் மனைவி ஜூடியும் ஹவாயில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்று ஒரு பெரும் போட்டியை 1978 பிப்ரவரி 18ல் நடத்தினார்கள். 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். 'அயர்ன்மேன்' என்று பேர் பெற்றது அதுதான். 2000ம் வருடம் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக இடம் பெற்றது. அங்கே அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு அதிலும் பாதி உண்டு: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர்.

நம் அம்மாவின் பையன் ஆசைப்பட்டது இந்தப் பாதி அளவுக்குத்தான்.

சங்கத்தை நடத்துகிறவர்கள் யார்?

'பெரிய பெரிய வீரர்களாக இருப்பார்கள்' என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. பள்ளிக்கூட டீச்சர், கணக்காளர், நர்ஸ், ரிட்டயர்டு ஆனவர், இரண்டு பிள்ளை பெற்ற அம்மா... இப்படித்தான். ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். வருடச் சந்தா. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நம் ஊர் கோயில் திருவிழாக் கமிட்டி மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அவர்கள் செய்கிற வேலையைக் கேளுங்கள். புதியவரைத் தனியாகத் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். பழகிய ஒருவரை ஜோடி சேர்ப்பார்கள். எல்லோருக்கும் பளிச்சென்று தெரியும் நிறத்தில் ரப்பர் தொப்பி. சின்னப் படகில் ஒருவர் கூடவே வருவார். கரையில் ஒருவர் நின்று, இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்று எண்ணுவார். சாலைத் திருப்பத்தில் ஒருவர் கொடி பிடிப்பார். ஒருவர் தண்ணீர் டம்ளர் நீட்டுவார். கடைசியாக ஓடி வருகிறவர் வந்து சேரும் வரை ஒருவர் கடிகாரத்தோடு காத்திருப்பார்.

ஓடுகிறவர் பெயர் பட்டியலில் வரும். காத்திருக்கிறவர் பெயர் வராது. ஆனால், அவர் இல்லாவிட்டால் போட்டியே இல்லை!

தண்ணீரில் என்ன ஆபத்து?

அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல. அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த திடீர் மரணங்கள், இதயம் நின்று பிழைத்தவை, விபத்து மரணங்கள் எல்லாவற்றையும் தொகுத்து 2017ல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நடந்தவை! பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் ஆண்கள். சராசரி வயது சுமார் 47. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட 61 பேரில் 27 பேருக்கு இதய, ரத்தக்குழாய்க் கோளாறு இருந்தது தெரிந்தது.

பயந்துவிடாதீர்கள். கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது லட்சத்தில் 1.74 பேர்தான். ஆனால் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கு அதுவே லட்சத்தில் 18.6 ஆக உயர்கிறது.

ஏன் தண்ணீரில்? குளிர்ந்த நீர் முகத்தில் பட்டதும் இதயத் துடிப்பைக் குறைக்கச் சொல்லி உடம்பு ஓர் உத்தரவு போடுகிறது. அதே நேரத்தில் பதற்றமும் கைகால் வேகமும் துடிப்பைக் கூட்டச் சொல்கின்றன. ஒரே வண்டியில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும்? நல்ல வண்டி தாங்கும். உள்ளே பழுது இருந்தால்? தாளம் தப்பிவிடலாம். சாலையில் ஓடும்போது நெஞ்சு அடைத்தால் உட்காரலாம், கையைத் தூட்டி ஆட்களைக் கூப்பிடலாம். தண்ணீரில் உட்கார இடம் ஏது? அதனால்தான் கரையில் ஒருவர் கண் கொட்டாமல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நாடி சொன்னதும், சொல்லாததும்

பையன் வந்தார். நாடி பார்த்தேன். நாக்கு, விழி, நிறம் என்று எண்வகைத் தேர்வில் முடிந்ததைப் பார்த்தேன். தூக்கம் குறைவு, பித்தம் மிகுதி, வேலைப் பளு. எல்லாம் தெரிந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடி நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி டாக்டர்" என்றார்.

அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால், இதயத்தின் ரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு இருக்கிறது என்பதை என் விரல் நுனி சொல்லாது. முப்பது வருடம் நாடி பார்த்தவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். 164க்கு 102! தம்பிக்கே அது புதுச் செய்தி. அன்றைக்கே இதய நோய் நிபுணரிடம் அனுப்பினேன். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனை, ரத்தத்தில் கொழுப்பு... எல்லாம் பார்த்தார்கள். அடைப்புக்கு அறிகுறி இல்லை. ஆனால் கெட்ட கொழுப்பு அதிகம், அழுத்தம் அதிகம். மாத்திரை ஆரம்பித்தார்கள். 'இந்த வருடம் போட்டி கூடாது. நடையில் ஆரம்பியுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. "சந்தா கட்டிட்டேன் டாக்டர்" என்றார். சந்தா போனால் போகட்டும், உணவில் உப்பைக் குறையுங்கள், இரவு பத்து மணிக்குப் படுங்கள், முக்கால் வயிற்றுக்குச் சாப்பிடுங்கள், அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

தொப்பிக் கணக்கு

ஊர் போனவர் சங்கத்தின் செயலாளரிடம் வருத்தமாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார், 'வராமல் இருந்துவிடாதீர்கள். கரையில் எண்ணுவதற்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள்' என்றாராம். கையில் ஒரு விசில், ஓர் அட்டை, ஒரு பென்சில்.

அடுத்த முறை லீவில் வந்தபோது அவரே என்னிடம் சொன்னார்: "ஒருநாள் 38 தொப்பி உள்ளே போச்சு டாக்டர். 37தான் வெளியே வந்துச்சு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். தொண்டை வத்திப் போச்சு. விசில் அடிச்சேன். படகைத் திருப்பினாங்க. எல்லாரும் கரையில வரிசையா நின்னு கடலைப் பார்த்துக்கிட்டிருந்தோம். பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா, அந்த ஆள் அரை பர்லாங் தள்ளிக் கரையேறி, கார்ல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருக்கார்!"

சிரித்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பத்து நிமிஷத்துல எங்கம்மா ஞாபகம்தான் டாக்டர் வந்துச்சு. என்னை நெனச்சு அவங்க இப்படித்தானே நின்னிருப்பாங்க."

எந்த மருந்துச் சீட்டிலும் இதை எழுதிக் கொடுக்க முடியுமா? அதற்குப் பிறகு ஒருநாள்கூட மாத்திரையை மறக்கவில்லையாம். சுமார் ஒன்றரை வருடம் கழித்து, அழுத்தம் கட்டுக்குள் வந்து, நிபுணரும் சரி என்ற பிறகு, அந்தப் பாதி அளவுப் போட்டியில் இறங்கினார். அம்மாவுக்குப் போன் வந்தது. "ஜெயிச்சியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "முடிச்சேம்மா" என்றாராம். அந்த அம்மா இதை என்னிடம் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். முட்டி வலியைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை!

உங்கள் தெருவில்...

'எங்களுக்குக் கடலும் இல்லை, சைக்கிளும் இல்லை' என்கிறீர்களா? வேண்டாம். மூன்று போட்டியும் வேண்டாம். அந்தச் சங்கத்தின் மூளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வீட்டுக்காரர்கள் சேருங்கள். காலையில் ஒரே நேரம், ஒரே இடம். பொறுப்பாக ஒருவர். புறப்படும்போது எத்தனை பேர், திரும்பும்போது எத்தனை பேர் என்று அவர் எண்ணட்டும். 'பக்கத்து வீட்டு சார் இரண்டு நாளாக வரவில்லையே' என்று கேட்க ஓர் ஆள் இருந்தால், அதுவே பாதி வைத்தியம்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொல்லியிருக்கிறது. தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிட்டது. வேகத்துக்கு ஒரு சுலபமான அளவு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கீழே உள்ளவற்றை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்:

* நாற்பது வயதுக்கு மேல் கடும் பயிற்சி தொடங்குவதற்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு உண்டென்றால் இதய நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

* காய்ச்சல், சளி இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். எண்ணெய்க் குளியல் அன்றும் ஓய்வுதான்.

* தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். நடந்து வந்தபின் நீர்மோர் நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடிக்கவும். நெடுநேரப் பயிற்சியில் அளவுக்கு மீறிக் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் ரத்தத்தில் உப்புச் சத்தைக் குறைத்து ஆபத்தில் விடும்.

* குளமோ, கிணறோ, கடலோ... தனியாக நீந்தாதீர்கள். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும்!

* நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது தோளுக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், மயக்கம்... இதில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். சித்த வைத்தியனே சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் கஷாயத்துக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் வேலை.

இன்னொன்று. உங்களால் நடக்கவோ ஓடவோ முடியாத நிலையா? கவலைப்படாதீர்கள். வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களா என்று எண்ணுங்கள். அந்த வேலைக்கும் ஒருவர் வேண்டும்.