நண்பகலில் போய் நண்பகலில் திரும்புங்கள்: காஞ்சிபுரத்தில் ஓர் இரவு தங்க 20 குறிப்புகள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர்தான். அதனால் காலையில் வண்டி ஏறி, இரண்டு கோயில், ஒரு பட்டுக்கடை பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்புவதே பலருக்கும் வழக்கம். இதில் ஒரு நஷ்டம் உண்டு. பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணியளவில் நடை சாத்துவார்கள். திறக்க 4 மணி ஆகிவிடும். ஊருக்கு அழகான நேரம் விடியலும் அந்தியும். நாம் போய் நிற்பதோ உச்சி வெயிலில், சாத்திய கதவுக்கு முன்னால். ஓர் இரவு தங்கினால் அத்தனையும் சரியாகிவிடும். கல்யாணப் பட்டு எடுக்கவோ, குடும்பத்தோடு கோயில் பார்க்கவோ போகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

அறை எடுக்கும் முன்

1. பகல் 12 மணிக்கு ஊர் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். பல ஓட்டல்களில் அறை கொடுப்பதும் அந்த நேரத்தில்தான். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் நடை திறந்திருக்கும். மறுநாள் விடியலில் தொடங்கி 11 மணிக்குள் மிச்சத்தைப் பார்த்துவிட்டு அறையைக் காலி செய்யலாம். ஒரு நாள் வாடகையில் ஓர் அந்தியும் ஒரு விடியலும் கிடைக்கும். சில லாட்ஜுகளில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு, போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பெரிய காஞ்சியா, சின்ன காஞ்சியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், பஸ் நிலையம், ராஜ வீதிகள் எல்லாம் பெரிய காஞ்சியில். வரதராஜப் பெருமாள் கோயில் அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளிச் சின்ன காஞ்சியில். வயதானவர்கள் உடன் வந்தால், அவர்கள் அதிக நேரம் இருக்க விரும்பும் கோயிலின் பக்கமாக அறை எடுப்பது நல்லது. பட்டுதான் முக்கியம் என்றால் காந்தி ரோடு வசதி.

3. பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் தேதி குறிக்காதீர்கள். மாசியில் காமாட்சிக்கும், பங்குனியில் ஏகாம்பரநாதருக்கும், வைகாசியில் வரதருக்கும் பிரம்மோற்சவம். வைகாசி கருட சேவையன்று ஊருக்குள் கார் நகராது. திருவிழா பார்க்கவே போகிறீர்கள் என்றால் அறையை வெகு முன்னதாகப் பிடித்துவிட வேண்டும். முகூர்த்த மாதங்களின் சனி, ஞாயிறும் அப்படித்தான். பட்டு எடுக்க வரும் குடும்பங்களால் அறைகள் நிரம்பிவிடும்.

4. படத்தைப் பார்த்து மயங்கி அறை எடுக்க வேண்டாம். கானாடுகாத்தானின் விசாலம், புதுச்சேரியின் மேசன் பெருமாள் போன்றவை பழைய வீடுகளே விடுதிகளானவை. அங்கே தூணும் முற்றமும் வீட்டோடு பிறந்தவை. இலங்கையில் காலிக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த லைட்ஹவுஸ் ஓட்டலின் சுழல் படிக்கட்டில் போர் வீரர்களின் உலோகச் சிலைகளே கைப்பிடியாக ஏறிச் செல்லும். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். மற்றபடி வரவேற்பறையில் ஒரு பழைய தறி, கட்டிலுக்கு மேல் சட்டமிட்ட முந்தானை, ஒரு ஊஞ்சல் இருந்தாலே வாடகை ஏறிவிடுகிறது. லிஃப்ட் உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை, கார் நிறுத்த உள்ளே இடமா தெருவா, கரண்ட் போனால் ஏசி ஓடுமா, சொல்லும் வாடகை வரி சேர்த்தா என்ற ஐந்து கேள்விகளுக்கும் பதில் வந்த பிறகு ஊஞ்சலைப் பாருங்கள்.

அறைக்குள் நுழைந்ததும்

5. அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுக்கும் இந்த நகலில் கடைசி நான்கு எண்கள் மட்டுமே தெரியும். வீட்டிலேயே எல்லோருக்கும் எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்தால் எந்த ஊருக்கும் உதவும்.

6. பெட்டியைத் தூக்கி வரும் பையன் போகும் முன் எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அலங்கார அறைகளில் விளக்கு ஒரு மூலையில் இருக்கும், சுவிட்ச் இன்னொரு மூலையில் இருக்கும். நள்ளிரவில் தேடுவது வயதானவர்களுக்கு ஆபத்து. குளியலறை விளக்கை மட்டும் எரியவிட்டு, கதவைச் சற்றே திறந்து வைத்துப் படுக்கலாம்.

7. குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர் வைப்பது இப்போதைய பாணி. மாமியார், பிள்ளைகள் எல்லாம் ஒரே அறை என்றால் இது பெரிய சங்கடம். திரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அப்போதே அறையை மாற்றிக் கேளுங்கள். தரையோடு தாழ்ந்த கட்டில், அறைக்குள் ஒரு படி ஏறி இறங்கும் மேடை ஆகியவையும் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒத்துவராது.

8. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொசுவிரட்டி, சிறிய நைலான் கயிறு, நான்கு கிளிப், இரண்டு செய்தித்தாள் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காஞ்சியில் கோயிலுக்குக் கோயில் குளம், கொசுவுக்குக் குறைவில்லை. சாயங்காலம் 5 மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட்டால் இரவு நிம்மதி.

9. தெருப் பக்க அறையில் வேடிக்கை அதிகம், தூக்கம் குறைவு. மார்கழியில் விடியுமுன்பே ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிடும். சுவாமி புறப்பாட்டை மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் தெருப் பக்கம் கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் பின்பக்கம்.

ஊருக்குள்

10. அந்தியில் காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் பாருங்கள். காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனி மூலச் சன்னிதி இல்லை, ஊருக்கே காமாட்சிதான் என்பது இங்குள்ள மரபு. ஏகாம்பரநாதர் கோயிலில் மூலவர் மண் லிங்கம். அதனால் அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான். கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ராஜகோபுரம் 190 அடிக்கு மேல் உயரம். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது வெளியே சற்றுத் தள்ளி நின்று பார்த்தால்தான் அதன் அளவு புரியும்.

11. விடியலைக் கைலாசநாதருக்குக் கொடுங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் எடுத்த கோயில். பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சன்னிதிகள்; சிலவற்றில் பழைய ஓவியத்தின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. மணற்கல் என்பதால் கைபடக் கைபடத் தேயும். பிள்ளைகளைத் தொடாமல் பார்க்கப் பழக்குங்கள். நேரம் இருந்தால் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கும் போங்கள். பல்லவர் வரலாற்றையே அங்கே சுற்றுச் சுவரில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டம் குறைவு.

12. வரதரைத் தரிசிக்க அத்திகிரியின் 24 படிகள் ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கல் தரையில் வெறுங்கால் சுடும், ஆகவே 9 மணிக்குள் போய்விடுங்கள். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லிக்கு வரிசை நீளமாக இருந்தால், அந்த நேரத்தில் நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைப் பார்த்து வரலாம். அத்தி வரதர் எப்போது என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இதோ: 40 ஆண்டுக்கு ஒருமுறை. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் காட்சி தந்தார்; இனி 2059இல்.

13. தறி பார்க்காமல் திரும்பாதீர்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் நடந்தால் பல வீடுகளிலிருந்து தறிச் சத்தம் கேட்கும். ஆனால் அது கண்காட்சி அல்ல, அவர்கள் வீடு. தெரிந்தவர் அல்லது கூட்டுறவுச் சங்கம் மூலம் கேட்டுக்கொண்டு போங்கள். செருப்பை வெளியே விடுங்கள். பாவில் கை வைக்காதீர்கள், வியர்வையும் எண்ணெயும் பட்டில் பிடித்துவிடும். நெய்பவருக்கு வரும் வெளிச்சத்தை மறைத்து நிற்காதீர்கள். டிசைனைக் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது, அது அவர்கள் பிழைப்பு.

14. ஆட்டோவை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பேசாமல், அரை நாளுக்கு இன்னின்ன கோயில் என்று சொல்லி மொத்தமாகப் பேசிவிடுங்கள். பேச்சோடு பேச்சாக, பட்டுக்கடைக்கு நாங்களே போய்க்கொள்கிறோம் என்றும் சொல்லிவிடுங்கள். கமிஷன் கடைக்கு அழைத்துப்போனால் அந்தப் பணம் கடைசியில் சேலை விலையில்தான் ஏறும்.

பட்டு எடுக்கும்போது

15. விளக்கொளியில் நிறம் முடிவு செய்யாதீர்கள். அரக்கும் மெரூனும், மயில் கழுத்தும் பச்சையும் மாறித் தெரியும். இரவு கடையில் பார்த்துப் பிடித்ததை ஒதுக்கி வைக்கச் சொல்லி, மறுநாள் காலை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். ஊரில் தங்குவதன் பெரிய லாபமே இதுதான்.

16. பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலாவது தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கையால் நெய்தது என்பதை இரண்டாவதுதான் சொல்லும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விலை ஒப்பிட, தனியார் கடைக்குப் போகும் முன் கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலோ ஒரு சுற்று பார்த்துவிட்டால் நமக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். தள்ளுபடிக் காலம் எப்போது என்றும் அங்கேயே கேட்கலாம்.

17. உடலும் கரையும் இணையும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா ஓடி, இடையில் கோத்து வாங்கியிருக்கும். விரலால் தடவினால் இணைப்பு தெரியும். தறியில் கூடவே ஓர் ஆள் உதவிக்கு வேண்டும் என்பதால் கோர்வைக்கு விலை அதிகம். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் ஏற்றியிருப்பார்கள். ஓரத்துப் பிசிரில் ஒரு இழையை உருவி லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளையோ பிளாஸ்டிக் இழையோ தெரிந்தால் அது வேறு ரகம். அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். பில்லில் ஜரிகை என்ன ரகம் என்று எழுதி வாங்குங்கள்.

திரும்பும் முன்னும் பின்னும்

18. கட்டிய பட்டை அப்படியே பெட்டிக்குள் திணிக்காதீர்கள். ஓட்டல் அறையிலேயே நிழலில், நைலான் கயிற்றில் விரித்துப் போட்டு வியர்வை ஆறவிடுங்கள். கம்பி ஹேங்கர் தடம் பதியும். செய்தித்தாளைச் சுருட்டி அதன் மேல் வைத்து, வெள்ளைத் துணி போர்த்திப் பிறகு சேலையைத் தொங்கவிடலாம். ஓட்டல் இஸ்திரிப் பெட்டி எனில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் தேயுங்கள். எண்ணெய் பட்டால் தண்ணீர் ஊற்றாமல் முகப் பவுடரைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள். குங்குமம் விழுந்தால் தேய்க்காமல் உதறுங்கள்.

19. பீரோவில் பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். ஈரம் தங்கினால் ஜரிகை கறுக்கும். அந்துருண்டையோ சென்ட்டோ ஜரிகையில் நேராகப் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றினால் மடிப்பில் இழை அறுவது குறையும்.

20. வரதர் கோயில் பிரசாதமான குடலை இட்லியை அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மாவு ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவிடுவது. வீட்டில் செய்ய: பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து தலா ஒரு கப் ஊறவைத்து, ரவை போலக் கரகரப்பாக அரைத்து, உப்புப் போட்டு இரவு முழுக்கப் புளிக்கவிடுங்கள். காலையில் ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், சுக்குப் பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், நல்லெண்ணெய் சேர்த்துக் கலக்குங்கள். எண்ணெய் தடவிய டம்ளரில் முக்கால் பாகம் ஊற்றி, குச்சி ஒட்டாமல் வரும்வரை வேகவிடுங்கள். தேங்காய் சேர்க்காததால் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகவும் ஏற்றது. தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி போதும்.

கடைசியாக ஒன்று. அறையில் எவ்வளவு அலங்காரம் இருந்தாலும் நீங்கள் அங்கே கண் திறந்திருக்கப் போவது சில மணி நேரம்தான். சுத்தமான படுக்கை, வெந்நீர், கோயிலுக்கு நடந்து போகும் தூரம் ஆகிய மூன்றும் அமைந்தால் போதும். மிச்சப் பணத்தை நல்ல கோர்வைச் சேலைக்குச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை கல்யாணப் பட்டு எடுக்கக் கிளம்பும்போது, திரும்பும் வண்டியை மறுநாள் மதியத்துக்குச் சொல்லி வையுங்கள்.